தோட்ட வாசலோடு நின்றுவிடும் குப்பை லாரி: நுண்நெகிழி குறித்து மாவட்ட மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில், நம் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மருந்தக உதவியாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். தோட்ட மக்கள் ‘டிரெஸர்’ என்று கூப்பிட்டுப் பழகிய வேலை அது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பின்புறக் கால்வாயில் என்ன ஓடுகிறது, எந்த மூலையில் குப்பை புகைகிறது, பிள்ளைகள் எதைக் கையில் எடுத்து விளையாடுகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துக் குறித்து வைப்பதும் அந்த வேலையில் அடங்கும். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இப்போது என் கவலையெல்லாம் நுண்நெகிழியைப் பற்றியது. கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத இந்தப் பிளாஸ்டிக் துகள்கள் நம் ஊரில் பிறக்கும் இடங்களில் பெரும்பாலானவை உங்கள் மன்றத்தின் உரிமமோ, லாரியோ, ஒப்பந்தமோ எட்டக்கூடிய இடங்கள்தாம். அதனால்தான் அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகளை நுண்நெகிழி என்கிறார்கள். 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும், கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் இத்துகள்கள் கலந்து கிடப்பதை எடுத்துக்காட்டினார்கள். அதன் பிறகுதான் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. சில துகள்கள் ஆலையிலேயே சிறியனவாகச் செய்யப்படுகின்றன. மற்றவை, பெரிய பொருள் சிதைந்து உண்டாகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபடும். இழுவைத் தன்மை போய், அது வெடித்து உதிரும். உதிர்ந்த துண்டு மறுபடியும் உதிரும். சிறிதாகிக்கொண்டே போகுமே தவிர, நம் ஆயுளுக்குள் மறையாது. வெயில், சூடு, உராய்வு ஆகிய மூன்றும் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் ஊரில் மூன்றுக்கும் குறைவில்லை.

கடலைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. எண்ணெய்ப் பனையான செம்பனைக் காட்டின் மண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு. செம்பனை நாற்று முதல் மூன்று மாதங்கள் சிறிய கறுப்பு பிளாஸ்டிக் பையிலும், அதன் பின் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் பெரிய பையிலும் வளர்கிறது. மறுநடவின்போது குழிக்கு அருகில் பையைக் கத்தியால் கீறி உருவிவிட்டு, கன்றை மண்கட்டியோடு இறக்குகிறார்கள். உருவிய பையை எண்ணித் திரும்பக் கொண்டுவரும் நிர்வாகங்களும் உண்டு. ஆனால் நான் நடந்து பார்த்த பல வெளிகளில் அது வரிசைகளுக்கு நடுவே அப்படியே கிடக்கிறது, அல்லது வடிகாலில் தள்ளப்படுகிறது. பல மாதங்கள் வெயிலும் மழையும் பட்ட அந்தப் பையை எடுத்து மெல்லக் கசக்கினால், காய்ந்த வெற்றிலையைப்போல நொறுங்கி, ரேகைகளுக்கு நடுவே கறுப்புத் துணுக்குகளாக ஒட்டிக்கொள்கிறது. கையை உதறினாலும் போகாத அந்தத் துணுக்குகள் அடுத்த பெருமழையில் வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் போகின்றன.

உரச்சாக்கு இதைவிட வீட்டுக்கு நெருக்கமானது. பின்னப்பட்ட அந்த வெள்ளைச் சாக்கு லயத்தில் கோழிக்கூண்டுக்கு மறைப்பாகும், விறகுக்குப் போர்வையாகும், வாசலில் கால்மிதியாகும், கீரைப்பாத்திக்கு வேலியாகும். சில மாதம் வெயில் பட்டபின் அதைத் தொட்டால், மயிரிழை போன்ற நரைத்த நார்கள் கையோடு வரும். அவை மண்ணில் விழுகின்றன, கோழி கிளறுகிறது, தவழும் பிள்ளையின் கை வாய்க்குப் போகிறது. இதைத் தோட்ட மக்களின் அறியாமை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். காசு கொடுக்காமல் கிடைத்த உறுதியான பொருளை வீணாக்காமல் பயன்படுத்துவது சிக்கனம். அந்தப் பொருள் வெயிலில் என்னவாகும் என்பதை அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சாக்கைக் கொண்டுவந்து இறக்கியவர்கள்.

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலக அளவில் பயிர்த்தொழிலிலும் கால்நடை வளர்ப்பிலும் 2019ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக் பொருள்கள் பயன்படுத்தப்பட்டதாக மதிப்பிடுகிறது. அவற்றில் பெரும்பகுதி மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பொருள்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனையில், பைகள் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனின் துகள்கள் அதிக அளவில் கலந்த இலைக்குப்பையைத் தின்ற மண்புழுக்கள் வளர்ச்சி குன்றின. கூடுதலாக இறக்கவும் செய்தன. சோதனைக் கூடத்தில் கலந்த அளவு நம் காட்டில் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு மறுநடவின்போதும் அதே மண்ணில் மேலும் கொஞ்சம் சேர்கிறது. சேர்ந்ததைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

இனி, மன்றத்தின் நேரடிப் பொறுப்புக்கு வருகிறேன். உங்கள் குப்பை லாரி பட்டணத்துக் கடைவீதிக்கும் தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிகளுக்கும் ஒழுங்காக வருகிறது. அதற்காக உங்கள் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மழையிலும் பண்டிகை நாள்களிலும் அவர்கள் வேலையை நிறுத்தியதில்லை. ஆனால் அந்த லாரி தோட்ட வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது தனியார் நிலம், அங்குள்ள துப்புரவு நிர்வாகத்தின் கடமை என்பது நெடுநாளைய வழக்கம். தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கடமையை முதலாளியின் மீதுதான் வைக்கிறது. தோட்டத்தில் ஆள்பலம் இருந்த காலத்தில் துப்புரவுக்கென்று தனி ஆள்கள் இருந்தார்கள். குப்பையும் பெரும்பாலும் வாழையிலையும் தேங்காய் மட்டையுமாக இருந்தது. இன்று லயங்களில் நம் குடும்பங்களும் இருக்கின்றன, வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் பட்டணத்துக் கடையில்தான் பொருள் வாங்குகிறார்கள்; மீ பொட்டலமும் எண்ணெய்ப் பாக்கெட்டும் பிள்ளைகளின் அரைக்கச்சைகளும் (டயப்பர்) பட்டணத்தில் சேருவதைப்போலவே அங்கும் சேருகின்றன. எடுத்துப்போகத்தான் ஆள் இல்லை.

எடுத்துப்போக ஆளில்லாத குப்பைக்கு இரண்டே வழிகள்: லயத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம், இல்லையென்றால் அந்திநேரத்தில் ஒரு தீக்குச்சி. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29அ பிரிவு தடை செய்கிறது. ஆனால் வேறு வழியே தராமல் ஒருவரிடம் சட்டத்தை நீட்டுவதில் நியாயம் இல்லை. எரிப்பதால் பிளாஸ்டிக் ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஆறிய சாம்பலைக் கிளறிப் பார்க்க வேண்டும். பாதி உருகி, கட்டிதட்டி, கைபட்டதும் பொடியும் துண்டுகள் அதில் நிறைய மிஞ்சுகின்றன. பிவிசி வகைப் பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சும் உண்டாகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள், அந்நேரம் துணி எடுக்க வெளியே வரும் பெண்களும் வாசலில் விளையாடும் பிள்ளைகளும்தாம்.

பள்ளத்தில் போட்டது வெள்ளத்தில் கிளம்பி ஆற்றுக்குப் போகிறது. ஆறுகளின் வழியாகக் கடலில் சேரும் பிளாஸ்டிக்கைக் கணக்கிட்டு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாடுகளின் வரிசையில் பிலிப்பைன்சுக்கும் இந்தியாவுக்கும் அடுத்தபடியாக மலேசியாவை மூன்றாவது இடத்தில் வைத்தது. அது கணினி மாதிரியில் எட்டிய மதிப்பீடு என்றாலும், அதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெயர்பெற்ற பேராறுகளைக் காட்டிலும், மழை மிகுந்த கரையோர நாடுகளில் ஊர்களின் நடுவே ஓடும் சிற்றாறுகள்தாம் கூடுதலாகக் கொண்டுசேர்க்கின்றன என்கிறது அந்த ஆய்வு. நம் ஊர்ப் பாலத்தின் கீழ் ஓடுவது அப்படிப்பட்ட ஆறு. லயத்துக் குளியலறை நீரும் துணி துவைத்த நீரும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கால்வாய் வழியே அதில் கலக்கின்றன. பாலியஸ்டர் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் இழைகள் கழன்று நீரோடு போகின்றன. கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்தால் நுண்நெகிழியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீக்கிவிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. தாமான்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, வேலி ஒன்றைத் தாண்டினால் இல்லாமல் போகிறது.

மனித உடலுக்கு இதனால் என்ன கேடு என்று நீங்கள் கேட்பீர்கள்; கேட்கவும் வேண்டும். இதில் மிகைப்படுத்திப் பேசுவது என் தொழிலுக்கு அழகன்று. வாரத்திற்கு ஒரு வங்கி அட்டையின் எடை அளவு பிளாஸ்டிக்கை ஒவ்வொருவரும் விழுங்குகிறோம் என்ற செய்தி எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றுகிறது. அந்தக் கணக்கு மிகமிகக் கூடுதல் என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆகவே அதை வைத்து உங்களிடம் வாதாட மாட்டேன். 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டன. அதற்கு முன்பே இத்தாலியில் தாய்மாரின் நஞ்சுக்கொடியிலும் கண்டார்கள். 2024இல் வெளிவந்த இன்னொரு இத்தாலிய ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கழுத்துத் தமனியின் அடைப்பை அறுவைச் சிகிச்சையால் நீக்கிக்கொண்ட 257 நோயாளிகளை ஏறக்குறைய 34 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 150 பேரின் அடைப்புப் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. துகள்கள் காணப்பட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, காணப்படாதவர்களைவிட 4.5 மடங்கு கூடுதலாக இருந்தது.

துகள்தான் நோயைக் கொடுத்தது என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்பதுதான் முடிவு. உணவு, புகைப்பழக்கம், வறுமை என்று வேறு காரணங்களும் பின்னால் இருக்கலாம். இரத்தத்திலும் உறுப்புகளிலும் இவ்வளவு நுண்ணிய பொருளை அளக்கும் முறைகளைப் பற்றியும் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் மலிந்த ஒரு சமூகத்தில் வாழ்நாள் முழுவதும் மருந்து கொடுத்தவன் என்ற முறையில், இப்படியொரு தொடர்பைப் படித்துவிட்டு, முழு உறுதி வரும்வரை காத்திருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் அரசாங்கமும் எப்போதும் காத்திருந்ததில்லை. குழந்தைகளின் பால்புட்டிகளில் பிஸ்பினால் ஏ என்னும் வேதிப்பொருளைச் சுகாதார அமைச்சு 2012 மார்ச் மாதம் முதல் தடை செய்தபோது, அதைப் பற்றிய விவாதம் உலகில் ஓய்ந்திருக்கவில்லை. பச்சிளங்குழந்தை என்பதால் முன்கூட்டியே தடுத்தார்கள். அது சரியான முடிவு.

சூட்டைப் பற்றி ஆய்வுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள், உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையில் 100 மில்லிலிட்டர் சுடுநீரை 15 நிமிடம் வைத்திருந்தபோது சுமார் 25,000 நுண்துகள்கள் நீரில் இறங்கியதைக் கண்டார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் 2020ஆம் ஆண்டு ஆய்வில், பாலிபுரோப்பிலீன் பால்புட்டியில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கியபோது ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துகள்கள் வரை வெளிப்பட்டன; சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. கண்ணாடிப் பாத்திரத்தில் பாலைக் கலக்கி, ஆறிய பின் புட்டியில் ஊற்றுமாறு அவர்கள் சொன்ன யோசனையை நம் தாய் சேய் நல மருந்தகத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டலாம்.

இப்போது, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முந்தைய நேரத்தில் நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடைகளை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் தேநீர் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றப்படுகிறது. ரப்பர் வளையத்தால் முடிச்சிட்டு, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டபடி அது காட்டுக்குப் போகிறது. பத்து மணிக்குக் குடிக்கும்வரை பைக்குள்ளேயே இருக்கிறது. ரொட்டி சானாயுடன் தரும் பருப்புக்கறியும் அப்படித்தான், கொதிநிலை அடங்காமலே பைக்குள் இறங்குகிறது. அதில் எண்ணெயும் புளிப்பும் வேறு சேர்ந்திருக்கின்றன. முன்பு பால்மரம் சீவப் போனவர்கள் தூக்குச்சட்டியும் தேநீர்ப் போத்தலும் எடுத்துப் போனார்கள். அதைத் திரும்பக் கொண்டுவருவது பழம்பெருமைக்காக அன்று. அந்தப் பாத்திரங்கள் சூட்டில் உதிராதவை என்பதற்காக.

ஒட்டுக்கடைக்காரர்கள் சென் கணக்கில் இலாபம் பார்ப்பவர்கள். அவர்கள்மீது முதலில் அபராதத்தை வீச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உணவுக்கடை உரிமங்களை வழங்குவதும் புதுப்பிப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. கொதிக்கும் பானத்தையும் குழம்பையும் பிளாஸ்டிக் பையில் ஊற்றுவதில்லை, வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தை மறுப்பதில்லை என்ற இரண்டு நிபந்தனைகளை ஏற்கும் கடைக்கு உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுங்கள். மறந்துவந்த வாடிக்கையாளருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்க எவர்சில்வர் குவளைகளைக் கொள்முதல் செய்து கொடுங்கள். ஒரு சாலைத் திருப்பத்துக்குப் பூச்சட்டி வைக்கும் செலவைவிட இது கூடுதலாகாது. இன்னோர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட எதையும் நம்பி ஆணை பிறப்பித்துவிடாதீர்கள். காற்றும் வெயிலும் பட்டு விரைவில் உதிரும்படி வேதிப்பொருள் சேர்த்த ஆக்சோ வகைப் பைகள் மக்குவதற்கு முன் துகளாகிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை 2021 முதல் தடை செய்துள்ளது.

நம் ஆலயங்களுக்கும் இதே வேண்டுகோள் பொருந்தும் என்றாலும் அதை ஆலய நிர்வாகங்களிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். வாழையிலையில் அன்னதானம் போடும் இடத்தில் காகிதக் குவளையில் சூடான பாயசம் கொடுப்பதை மாற்றுவதற்கு மன்றத்தின் ஆணை தேவையில்லை.

மறுசுழற்சி ஆலைகளைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தபின் அந்தக் கழிவு நம் நாட்டுக்குத் திரும்பியதும், கோலலங்காட் வட்டாரத்தின் ஜெஞ்சாரோம் நகரில் செம்பனைக்கு நடுவே உரிமமில்லாத ஆலைகள் முளைத்ததும், புகை தாங்காமல் அங்குள்ள மக்களே ஆதாரம் திரட்டிப் போராடியதும் நீங்கள் அறிந்தவை. 2025 ஜூலை முதல் இறக்குமதி விதிகள் இறுகியிருக்கின்றன. ஆனால் உரிமம் பெற்ற ஆலையிலும் பிளாஸ்டிக்கை அரைத்துக் கழுவும் நீரில் துகள்கள் ஏராளமாக இறங்கும். தோட்டத்து நிலத்தில் அப்படியொரு விண்ணப்பம் வந்தால், கழுவிய நீர் எந்த வடிகட்டியைக் கடந்து எந்தக் கால்வாயில் விழுகிறது என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பள்ளிகளில் ஓவியப் போட்டியும் சுவரொட்டியும் நடத்தி இந்தக் கடமை முடிந்ததாகக் கருதிவிட வேண்டாம் என்றும் பணிவோடு சொல்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நுண்நெகிழி பற்றித் தெரியும். வீட்டுக்குத் திரும்பினால் குப்பையைப் போட அவர்களுக்கு இடமில்லை. பைக்கு 20 சென் வாங்கும் திட்டமும் லயத்து மக்களைப் பொறுத்தவரை கூடுதல் செலவாக மட்டுமே நின்றது, ஏனெனில் பை குறைந்தாலும் பொட்டலங்கள் குறையவில்லை. உலக நாடுகள் கூடிப் பேசிய பிளாஸ்டிக் உடன்படிக்கை 2025 ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் உடன்பாடின்றிக் கலைந்தது. அங்கு தீர்வு வரும்வரை நம் கால்வாய் காத்திருக்கத் தேவையில்லை.

நான் கேட்பதில் முதன்மையானது லாரிதான். தோட்ட நிர்வாகங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: லயத்து முகப்புவரை பாதையைச் செப்பனிட்டுத் தருவதும், மூடியுள்ள தொட்டிகளை வைப்பதும், நியாயமான கட்டணத்தைச் செலுத்துவதும் அவர்கள் பொறுப்பு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வந்து எடுத்துப்போவது உங்கள் பொறுப்பு. அந்தக் கட்டணம் குடியிருப்போரின் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அதே ஒப்பந்தத்தில் நாற்றுப் பைகளையும் உரச்சாக்குகளையும் கணக்கோடு திரும்பப் பெறும் கடமையையும் நிர்வாகத்தின்மீது வையுங்கள். எத்தனை சாக்கு உரம் வந்தது என்று தோட்ட எழுத்தரான கிராணியின் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது; எத்தனை சாக்கு திரும்பியது என்று பக்கத்தில் இன்னொரு பத்தி எழுதினால் போதும். லாரி ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகும் எரிப்பவர்கள் இருந்தால், அப்போது சட்டத்தைக் காட்டுங்கள். நானே உங்களோடு நிற்பேன்.

அடுத்த முழுமன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்து, தோட்ட மேலாளர்களையும் லயங்களில் குடியிருப்போரின் பேராளர்களையும், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சார்பில் ஒருவரையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தோட்டத்தில் எத்தனை லயங்களில் ஆள் குடியிருக்கிறது, லாரி எதுவரை உள்ளே போகலாம், எந்தப் பாலம் பாரம் தாங்காது, மழைக்காலத்தில் எந்தப் பாதை அடைபடும் என்ற விவரங்களை வரைபடத்தோடு திரட்டி வருகிறேன். கூட்டத்துக்கு முன் அதை மன்றச் செயலகத்தில் ஒப்படைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தக உதவியாளர் ஒருவர்